கடிக்கிறதா, கழல்கிறதா, பெட்டியில் நுழையவில்லையா? பயண ஃபின்ஸ் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

ஸ்கூபா டைவ் முடித்து, நீந்துவதற்காகக் காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறி உட்கார்ந்ததும் பலர் குனிந்து பார்ப்பது தங்கள் காலைத்தான். சுண்டுவிரல் மூட்டு சிவந்திருக்கும். குதிகாலுக்கு மேலே தோல் வழண்டு, உப்புத்தண்ணீர் பட்டாலே சுரீர் என்னும். உடனே தீர்ப்பும் வந்துவிடும்: “தகடு ரொம்ப விறைப்பு. அடுத்த தடவை வேற கம்பெனி வாங்கணும்.” வாங்குவார்கள். அதே இடத்தில் அதே புண் வரும்.

புதுச் செருப்பு கடித்தால் யாரும் அடிப்பாகத்தைக் குறை சொல்வதில்லை. வார் எங்கே உரசுகிறது என்றுதான் பார்ப்போம். ஃபின்ஸையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தண்ணீரைத் தள்ளுவது தகடு. காலைப் பிடித்திருப்பது ஃபுட் பாக்கெட். வலி, கொப்புளம், மரத்துப்போவது, கழல்வது என்று எது வந்தாலும் முதலில் ஃபுட் பாக்கெட்டையும் அதற்குள் போகும் பூட்ஸையும் சந்தேகப்படுங்கள். தகடு அப்புறம்.

கீழே ஒவ்வொரு கோளாறாக எடுத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் ஒரு டைவுக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பூட்ஸ், ஸ்ட்ராப், உதைக்கும் விதம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்றே தெரியாது.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

ஃபுல் ஃபுட் என்பது ஷூ மாதிரி. குதிகால் உட்பட முழுப் பாதமும் ரப்பருக்குள் போய்விடும். வெறுங்காலிலோ மெல்லிய சாக்ஸோடோ போடலாம். பூட்ஸ் தேவையில்லை என்பதால் பெட்டிக்கு லேசு. ஆனால் அளவு சின்னதாகிவிட்டால் திருத்த வழி கிடையாது. பாறையும் கூழாங்கல்லும் உள்ள கரையிலிருந்து நடந்து இறங்க வேண்டுமென்றால் வெறுங்காலோடு திண்டாட வேண்டியதுதான்.

ஓப்பன் ஹீல் என்பது பின்பக்கம் திறந்தது. நியோபிரீன் என்ற நுரை ரப்பரில் செய்த பூட்ஸ் போட்டு, அதன் மேல் மாட்டி, குதிகாலைச் சுற்றி ஸ்ட்ராப்பை இழுத்துவிடுவது. கரையில் நடக்கலாம், குளிர் தாங்கும், கொஞ்சம் முன்பின் அளவு இருந்தாலும் சமாளிக்கலாம். பூட்ஸையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. பின்பக்கம் திறந்திருக்கும், ஆனால் வெறுங்காலுக்கும் ஒத்துவரும்படி ஃபுட் பாக்கெட் மென்மையாக இருக்கும். ஸ்கூபாப்ரோவின் ‘கோ’ வரிசை இதற்கு ஓர் உதாரணம். வெதுவெதுப்பான கடல்களுக்கு மட்டும் போகிறவர்களுக்கு நல்ல யோசனைதான். ஆனால் பூட்ஸுக்கு ஏற்ற அளவில் வாங்கிவிட்டு வெறுங்காலில் போட்டால் பாதம் உள்ளே ஆடும். எப்படிப் போடப்போகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு அளவு பாருங்கள்.

குதிகாலில் கொப்புளம், விரல் மூட்டில் தோல் வழண்டு போகிறது

புண் எங்கே இருக்கிறது என்பதே பாதி விடை.

குதிகாலுக்கு மேலே, குதிநாண் மீது இருந்தால், ஃபுல் ஃபுட்டின் பின்விளிம்பு ஒவ்வொரு உதைக்கும் ஏறி இறங்கி உரசுகிறது. பெரும்பாலும் அரை அளவு பெரிதாக இருக்கும். ஃபுல் ஃபுட் அளவுகள் 40–41, 42–43 என்று இரண்டிரண்டாகவே வருவதால், நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் “பெரிசாவே இருக்கட்டும்” என்று வாங்கிவிடுவார்கள். தீர்வு சுலபம்: ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் நியோபிரீன் சாக்ஸ். மிச்ச இடம் நிறைந்துவிடும், உரசலையும் தோலுக்குப் பதில் சாக்ஸ் வாங்கிக்கொள்ளும். லைக்ரா சாக்ஸ் இன்னும் மெல்லியது. உரசலைத் தடுக்கும், ஆனால் இடத்தை நிரப்பாது. அளவு சரியாக இருந்தும் புண் வருகிறவர்களுக்கு அதுவே போதும்.

விரல் மூட்டுகளின் மேல் இருந்தால் ஃபுட் பாக்கெட் சின்னது, அல்லது அகலம் போதவில்லை. அகலப் பாதக்காரர்களுக்குச் சில நிறுவனங்களின் அச்சே ஒத்துவராது. இதற்கு வைத்தியம் கிடையாது. அடுத்த அளவு எடுங்கள், இல்லாவிட்டால் வேறு அச்சு பாருங்கள். “போடப் போட விரிஞ்சிடும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோல் செருப்பு விரியும். இந்தப் பாலிமர் அவ்வளவு சீக்கிரம் இளகாது.

புறங்காலில், அதாவது பாதத்தின் மேல்புறத்தில், குறுக்காக ஒரு கோடு மாதிரிச் சிவந்திருந்தால், ஃபுட் பாக்கெட்டின் வாய்விளிம்பு அழுத்துகிறது. பூட்ஸின் ஜிப்போ தையலோ சரியாக அந்த இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். பழைய பூட்ஸில் அடிக்கடி நடப்பது இது.

கணுக்காலின் இரு பக்கமும் என்றால் ஸ்ட்ராப்பின் பக்கிள் உரசுகிறது. பக்கிள் கணுக்கால் எலும்புக்குக் கீழே உட்கார வேண்டும்.

பாதம் முழுக்கப் பொடிப்பொடியாக எரிந்தால் ஃபின்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. பூட்ஸுக்குள் மணல். கழற்றி, உள்ளே தண்ணீர் ஊற்றி அலசி, காலையும் கழுவிவிட்டு மறுபடி போடுங்கள். அரை நிமிட வேலை. சோம்பலால்தான் யாரும் செய்வதில்லை.

வாங்கும்போதே தவிர்க்க ஒரு வழி உண்டு. மாலையில் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும். விமானத்தில் பல மணி நேரம் தொங்கப்போட்டு உட்கார்ந்து இறங்கிய காலும் அப்படித்தான் இருக்கும். காலையில் கச்சிதமாக இருந்த ஃபுல் ஃபுட், போய் இறங்கிய மறுநாள் முதல் டைவில் கடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஓப்பன் ஹீல் என்றால் உங்கள் சொந்த பூட்ஸைக் கையோடு கொண்டுபோய்த்தான் போட்டுப் பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் பூட்ஸுக்குச் சரியாக இருப்பது 7 மில்லிமீட்டருக்கு நுழையவே நுழையாது.

உள்ளங்கால் இழுத்துப் பிடிக்கிறது

இதற்குக் காரணம் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். பிடிப்பு என்றதும் “இறுக்கம்” என்று நினைத்து ஸ்ட்ராப்பைத் தளர்த்துகிறார்கள். வலி இன்னும் கூடும்.

ஃபின்ஸ் பெரிதாக இருந்தால், அது கழன்று போகாமல் இருக்கக் கால்விரல்கள் தாமாகவே மடங்கிப் பிடிக்கும். நமக்குத் தெரியாது. ஹவாய் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினால் விரல்கள் எப்படி வாரைக் கவ்வுமோ அதே மாதிரி. நாற்பது நிமிடம் அப்படிக் கவ்விக்கொண்டே இருந்தால் உள்ளங்கால் வளைவில் உள்ள சின்னத் தசைகள் தாங்குமா?

சோதித்துப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து ஃபின்ஸை மாட்டிக் காலை நீட்டுங்கள். கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசைய வேண்டும். அடுத்து விரல்களை முழுக்கத் தளர விட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பாதம் திரும்பும்போது தகடும் கூடவே திரும்பினால் சரி. பாதம் திரும்பி ஒரு கணம் கழித்துத் தகடு வந்தால், அந்த ஒரு கணத்தைத்தான் தண்ணீருக்குள் உங்கள் விரல்கள் ஈடுகட்டிக்கொண்டிருக்கின்றன.

பெரிதாக இருப்பது உறுதியானால் தடித்த பூட்ஸ் அல்லது பூட்ஸுக்குள் ஒரு சாக்ஸ். ஃபுல் ஃபுட்டுக்கு நியோபிரீன் சாக்ஸ். அப்படியும் ஆடினால் அந்த ஜோடியைக் கைவிடுவது நல்லது.

கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது

இங்கேதான் தகடு உண்மையிலேயே குற்றவாளியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அது தனியாகச் செய்வதில்லை.

முதலில் உடனடி வேலை. நீருக்கடியில் பிடித்தால் உதைப்பதை நிறுத்துங்கள். கூட வருபவருக்குச் சைகை காட்டுங்கள். பிடித்த காலின் ஃபின் நுனியைக் கையால் பற்றி உங்களை நோக்கி இழுத்துக்கொண்டே முழங்காலை மெதுவாக நேராக்குங்கள். கெண்டைக்கால் நீண்டு இளகும். இளகியதும் அரை நிமிடம் அப்படியே இருந்துவிட்டுப் புறப்படுங்கள். கை எட்டாவிட்டால் துணைக்கு வருபவர் உங்கள் ஃபின் நுனியைத் தள்ளிக் கொடுக்கலாம். நீளமான தகட்டில் நுனி எட்டுவது சுலபம். குட்டையான பயண ஃபின்ஸில் கொஞ்சம் மடங்க வேண்டியிருக்கும். குளத்தில் ஒருமுறை பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி காரணம். கால் பழக்கமில்லாமல் இருப்பது, குளிர், உடலில் நீர் வற்றியிருப்பது, விறைப்பான தகடு, தப்பான உதை. பயணத்தில் இவை ஐந்தும் ஒன்றாக வரும். ஒரு வருடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, விமானத்தில் தண்ணீர் குடிக்காமல் போய் இறங்கி, மறுநாளே மூன்று டைவ் என்றால் எந்தத் தகடாக இருந்தாலும் பிடிக்கும். அதனால் முதல் நாளில் வந்த பிடிப்பை வைத்து ஃபின்ஸுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். தண்ணீர் குடியுங்கள், இரண்டாம் நாள் பாருங்கள்.

மூன்றாம் நாளும் பிடித்தால் தகட்டைப் பாருங்கள். ஒரு கையால் ஃபுட் பாக்கெட்டையும் மறு கையால் நுனியையும் பிடித்து வளையுங்கள். நல்ல தகடு வில் மாதிரி நீளவாக்கில் படிப்படியாக வளையும். பாதம் முடிந்து தகடு தொடங்கும் இடத்தில் மட்டும் மடிந்து, மற்றதெல்லாம் பலகை மாதிரி நின்றால் உங்கள் உழைப்பு வீணாகிறது. எங்குமே வளையாமல் முரண்டு பிடித்தால் அது வலுவான தொடைக்காரர்களுக்கானது.

உதைக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். கூட வருபவரைப் பக்கவாட்டிலிருந்து பத்து வினாடி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நிறையப் பேர் சைக்கிள் மிதிப்பார்கள்: முழங்காலை வயிற்றுப்பக்கம் இழுத்து, பின்னால் தள்ளி, மறுபடி இழுத்து. நான் ஒழுங்காகத்தான் உதைக்கிறேன் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். வீடியோவைப் பார்த்ததும் சைக்கிளில் மணி மட்டும்தான் இல்லை என்று தெரிந்தது. உதை இடுப்பிலிருந்து வர வேண்டும். முழங்கால் லேசாக மடங்கலாம், முடிவெடுப்பது தொடை. பாதி டைவுக்கு, தவளை மாதிரிக் கால்களை அகட்டி உதைக்கும் ஃபிராக் கிக்குக்கு மாறினால் கெண்டைக்காலுக்கு ஓய்வும் கிடைக்கும்.

பாதம் மரத்துப்போகிறது

இதை அவசரப்படாமல் படியுங்கள்.

டைவுக்கு நடுவிலேயே விரல்கள் மரத்து, ஃபின்ஸைக் கழற்றிய சில நிமிடங்களில் உணர்வு திரும்பிவிட்டால், பெரும்பாலும் இறுக்கம்தான். ஸ்ட்ராப்பை இரண்டு பல் தளர்த்துங்கள். பூட்ஸுக்கு உள்ளே சாக்ஸும் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். தண்ணீர் குளிர்ந்ததா என்பதையும் கணக்கில் சேருங்கள். குளிரும் இறுக்கமும் சேர்ந்தால் ரத்தம் விரல் நுனிக்குப் போகாது.

கழற்றிய பிறகும் மரத்திருந்தால், அல்லது கழற்றி ஒரு மணி நேரம் கழித்துப் புதிதாக எறும்பு ஊர்வது போல் இருந்தால், ஃபின்ஸ் மேல் பழி போடாதீர்கள். மூட்டுவலி, அளவுக்கு மீறிய களைப்பு, தலைசுற்றல், கால் தள்ளாடுவது, தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறுவது எதுவும் கூட இருந்தால் இன்னும் கவனம். அழுத்தம் குறைவதால் ரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் குமிழ்கள் உருவாகும் நோய்க்கும் இவைதான் அறிகுறிகள். பெரும்பாலும் மேலே வந்த சில மணி நேரத்துக்குள் தலைகாட்டும். அடுத்த டைவை ரத்து செய்யுங்கள். படகில் இருப்பவரிடம் உடனே சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். “ஸ்ட்ராப் இறுக்கமா இருந்திருக்கும்” என்று சொல்லிக்கொண்டு காத்திருப்பதுதான் இதில் ஆகப்பெரிய தப்பு.

கீழே போனதும் தளர்ந்துவிடுகிறது, கழன்று வருகிறது

மேலே இறுக்கமாக இருந்த ஸ்ட்ராப் ஆழத்தில் தளர்வதில் மர்மம் ஒன்றும் இல்லை. நியோபிரீன் என்பது வாயுக் குமிழ்கள் அடைத்த ரப்பர். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. குமிழ்கள் நசுங்கும், பூட்ஸ் மெலியும், ஸ்ட்ராப்புக்கும் குதிகாலுக்கும் நடுவில் இடைவெளி விழும். 7 மில்லிமீட்டர் பூட்ஸில் நன்றாகவே தெரியும். 3 மில்லிமீட்டரில் அவ்வளவு இல்லை.

ஸ்பிரிங் ஸ்ட்ராப்பும், எலாஸ்டிக் கயிற்றாலான பஞ்சி ஸ்ட்ராப்பும் இதற்காகவே பிரபலமாயின. பூட்ஸ் மெலிய மெலிய அவை தாமாகவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதால் எடை கொஞ்சம் கூட. பயணத்துக்கு நான் பஞ்சியைத்தான் விரும்புவேன். சாதாரண ரப்பர் ஸ்ட்ராப்தான் இருக்கிறது என்றால், கீழே இறங்கியதும் ஒருமுறை கையை விட்டு ஒரு பல் இழுத்துவிடுங்கள். மேலே வந்ததும் தளர்த்த மறக்காதீர்கள்.

ஸ்ட்ராப் சரியாக இருந்தும் கழன்றால், பாதம் ஃபுட் பாக்கெட்டுக்குள் போதுமான அளவு போகவில்லை. பூட்ஸ் போட்ட கால் உள்ளே போய், ஃபுட் பாக்கெட்டின் அடிப்பாகம் குதிகால் தொடங்கும் இடம் வரைக்கும் வர வேண்டும். பாதி உள்ளங்காலோடு நின்றுவிட்டால், உதைக்கும்போது குதிகால் தனியாகக் கீழே இறங்கும். அளவு சின்னது. இதில் ஸ்ட்ராப்பை எவ்வளவு இழுத்தாலும் பயன் இல்லை.

இன்னொரு விஷயம். படகு ஏணிக்கு வந்ததும் ஃபின்ஸைக் கழற்றுவது வழக்கம். ஏணியையோ கயிற்றையோ ஒரு கையால் பிடித்த பிறகுதான் கழற்ற வேண்டும். நீரோட்டத்தில் கை விட்டுப் போனால், ஃபின்ஸ் இல்லாத டைவர் வெறும் மிதவைதான்.

கால் கீழே இறங்குகிறது, அல்லது மேலே தூக்குகிறது

5 மீட்டர் ஆழத்தில் அசையாமல் படுத்த நிலையில் மிதந்து, கைகளை மடித்துக்கொண்டு, உதைக்காமல் பத்து வரை எண்ணுங்கள். கால் மெதுவாகத் தாழ்ந்து நீங்கள் நிற்கும் நிலைக்கு வந்தால் கால்பக்கம் பாரம் அதிகம். தலை தாழ்ந்து கால் எழும்பினால் கால்பக்கம் மிதப்பு அதிகம்.

ரப்பர் ஃபின்ஸ் மூழ்கும். பாலிபுரொப்பிலீன் தகடு உள்ளவை மிதக்கும், அல்லது ஏறக்குறைய சமநிலையில் இருக்கும். 1960-களில் வந்து இன்றுவரை விற்பனையில் இருக்கும் ஸ்கூபாப்ரோவின் ஜெட் ஃபின் கனமான ரப்பர். தண்ணீர் புகாமல் உள்ளே காற்று நிற்கும் டிரை சூட் போட்டுக் குளிர்நீரில் இறங்குகிறவர்களுக்கு அந்தக் கனமே வரம். காற்று கால்பக்கம் ஓடித் தூக்குவதை அது பிடித்து நிறுத்தும். அதையே 3 மில்லிமீட்டர் நியோபிரீன் உடையோடு வெதுவெதுப்பான கடலில் போட்டால் கால் தொங்கும், தொங்கும் கால் அடிமணலைக் கிளப்பும், பின்னால் வருபவர் மனசுக்குள் உங்களை வைவார்.

கால் தாழ்ந்தால் இடுப்பு எடையில் ஒன்றிரண்டு கிலோவை மேலே, சிலிண்டர் பட்டைப் பக்கம் நகர்த்திப் பாருங்கள். சிலிண்டரையே ஒரு கை அகலம் மேலே ஏற்றிக் கட்டலாம். கால் எழும்பினால் இதையே தலைகீழாகச் செய்யுங்கள். அலுமினிய சிலிண்டர் காலியாகக் காலியாக மிதப்புக் கூடும் என்பதால் சோதனையை டைவின் கடைசியில் செய்வது நல்லது. இத்தனையும் செய்து சரியாகாவிட்டால் மட்டும் ஃபின்ஸை மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

உதைக்கிறேன், நகரவே இல்லை

பயண ஃபின்ஸ் குட்டையாக இருப்பதால் ஒவ்வொரு உதையிலும் தள்ளும் தண்ணீர் குறைவு. இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. நீரோட்டத்தோடு மிதந்து போகும் டைவுக்கு அது போதும். எதிர்த்து நீந்த வேண்டிய இடத்தில் குறை தெரியும். அடித்தளத்தை ஒட்டிப் போங்கள், அங்கே ஓட்டம் குறைவு. வேகமாகக் குத்திக் குத்தி உதைப்பதைவிட நிதானமாக அகலமாக உதையுங்கள்.

தகட்டுக்கும் உதைக்கும் பொருத்தம் உண்டு. நடுவில் பிளந்த ஸ்பிளிட் ஃபின்ஸ் சிறிய, விரைவான மேல்கீழ் உதைக்கு ஏற்றது. கணுக்காலுக்கும் முட்டிக்கும் இதம். அதில் ஃபிராக் கிக் அடித்தால் சரிவரப் பிடி கிடைக்காது, பின்னோக்கிப் போவது இன்னும் சிரமம். குட்டையான, அகலமான, விறைப்பான தகடு ஃபிராக் கிக்குக்கு ஏற்றது. நீங்கள் எப்படி உதைப்பவர் என்று தெரியாமல் தகடு தேர்ந்தெடுத்தால் நகராமல்தான் இருப்பீர்கள்.

முட்டியும் கணுக்காலும் வலித்தால்? விறைப்பைக் குறையுங்கள். பழைய காயம் இருப்பவர்கள் ஸ்பிளிட் ஃபின்ஸை ஒருமுறை வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம்.

பெட்டியில் நுழையவில்லை, எடை கூடிவிட்டது

பல விமான நிறுவனங்கள் கைப்பெட்டிக்கு 55 × 40 × 20 சென்டிமீட்டர் அளவில் ஏதாவது ஒன்றைச் சொல்லும். எடை பெரும்பாலும் 7 முதல் 10 கிலோ. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 55-க்கு 40 என்றால் மூலைவிட்டம் ஏறக்குறைய 68 சென்டிமீட்டர். அடடா, 65 சென்டிமீட்டர் ஃபின்ஸ் குறுக்கே போய்விடும் என்று தோன்றும். போகாது. ஃபின் ஒரு கோடு அல்ல, அதற்கு ஒரு சாண் அகலம் இருக்கிறது. பெட்டியின் உள்ளளவும் வெளியளவைவிடக் குறைவு. செய்தித்தாளில் உங்கள் ஃபின்ஸின் உருவத்தை வரைந்து வெட்டி, பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். வாங்கும் முன்பே கடையில் கேட்டு அளவெடுத்து இதைச் செய்துவிடலாம். என் அனுபவத்தில், மொத்த நீளம் 55-ஐத் தாண்டினால் கைப்பெட்டி ஆசையை விட்டுவிடுவது நல்லது.

எடையைப் பார்க்கும்போது ஒரு கணக்கு தவறாமல் தப்பும். விளம்பரத்தில் ஃபின்ஸின் எடை மட்டும் இருக்கும். பூட்ஸ்? அதையும் சேர்த்துத் தராசில் வையுங்கள். லேசான ஓப்பன் ஹீலும் பூட்ஸும் சேர்ந்து, கனமான ஃபுல் ஃபுட்டைவிட அதிகம் வருவது சாதாரணம். திரும்பி வரும்போது பூட்ஸ் ஈரமாக இருந்தால் கதையே வேறு. ஒருமுறை என் பூட்ஸைப் பிழிந்து உதறிய பிறகும், போகும்போது இருந்ததைவிடக் கால் கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. விமான நிலையத் தரையில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்த காட்சியை விவரிக்க வேண்டாம்.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. பல நாள் டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. அந்த நேரத்தில் பூட்ஸை நல்ல தண்ணீரில் அலசி, உள்வெளியாகத் திருப்பி, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். முழுக்க உலராவிட்டாலும் பெரும்பகுதி எடை போய்விடும், நாற்றமும் வராது.

வருடத்துக்கு ஒரு பயணம், அதிலும் நாலைந்து டைவ்தான் என்பவர்களுக்கு என் கருத்து வேறு: ஃபின்ஸைக் கொண்டுபோகவே வேண்டாம். உங்கள் காலுக்கு ஒத்துவரும் பூட்ஸை மட்டும் எடுத்துப்போய், அங்கே ஓப்பன் ஹீல் வாடகைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். தோலைத் தொடுவது பூட்ஸ்தான். வாடகை பூட்ஸில் யார் யாருடைய காலோ இருந்திருக்கும் என்பது தனிக் கதை.

தகடு கோணலாகிவிட்டது

பெட்டியில் மடங்கி வந்தாலோ, வெயிலில் நின்ற வண்டியின் பின்பக்கத்தில் சாய்ந்து கிடந்தாலோ, சுவரோரம் நுனி தரையில் ஊன்றி நிற்க வைத்தாலோ தகடு வளைந்து நின்றுவிடும். தெர்மோபிளாஸ்டிக் என்றால் திருப்பிவிடலாம்.

பெரிய தொட்டியில் கை வைக்க முடியாத சூட்டில் வெந்நீர். கொதிக்க வேண்டாம். வளைந்த பகுதியை மட்டும் சில நிமிடம் முக்கி வையுங்கள். இளகியதும் எடுத்துத் தட்டையான தரையில் வைத்து, மேலே ஒரு பலகையும் கனமான புத்தகங்களும் ஏற்றி, முழுக்க ஆறும் வரை விட்டுவிடுங்கள். ஒரே தடவையில் நேராகாவிட்டால் இன்னொரு தடவை. கார்பன் ஃபைபர் தகட்டில் இதைச் செய்யாதீர்கள்.

புது ஃபின்ஸின் ஃபுட் பாக்கெட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் அச்சு இருக்கும். எல்லாரும் முதல் நாளே குப்பையில் போடும் பொருள். அதை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் மற்ற சாமான்களின் பாரத்தில் ஃபுட் பாக்கெட் நசுங்கி உருமாறாமல் காப்பது அதுதான். தொலைத்துவிட்டீர்களா? சாக்ஸையும் டி-சர்ட்டையும் சுருட்டி உள்ளே திணியுங்கள், பெட்டியில் இடமும் மிச்சமாகும். ஃபின்ஸை இரண்டு ஓரத்திலும் நிறுத்தாமல், பெட்டியின் அடியில் படுக்கையாக வையுங்கள்.

ஸ்ட்ராப் அறுந்தது, பக்கிள் இறுகிக்கொண்டது

ரப்பர் ஸ்ட்ராப் சொல்லாமல் அறுவதில்லை, நாம் பார்ப்பதில்லை. புறப்படும் முன் ஸ்ட்ராப்பை முழுக்க இழுத்து, பற்கள் உள்ள இடத்தில் வளைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய வெடிப்புகள் கோடுகோடாகத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு உபரி ஸ்ட்ராப்பை எப்போதும் கூட வைத்திருங்கள். உங்கள் பக்கிளுக்குப் பொருந்துமா என்று வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள். எல்லா ஸ்ட்ராப்பும் எல்லா பக்கிளுக்கும் ஒத்துவராது.

பக்கிள் இறுகினால் முரட்டுத்தனமாக நெம்பாதீர்கள். உள்ளே இருப்பது உப்பும் மணலும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீருக்குள்ளேயே பக்கிளை முன்பின் அசைத்துக்கொண்டே இருங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கைத் தேயுங்கள். அலசி உலர்ந்த பிறகு ஒரு சொட்டு சிலிக்கான் கிரீஸ். பெட்ரோலிய எண்ணெய் எதையும் ரப்பர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ரப்பர் உப்பி இற்றுப்போகும். அழுத்தியதும் ‘கிளிக்’ என்று பளிச்சென்ற சத்தம் வர வேண்டும். மந்தமாக ‘டொக்’ என்றால் உள்ளே இன்னும் மணல் இருக்கிறது, மறுபடி ஊற வையுங்கள்.